வீட்டில் சைவ டம்ப்ளிங்: எந்த மாவு, எந்தப் பூரணம், பின்னால் எந்த இனிப்பு?

மாவுக்குள் பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் சீனக் கொழுக்கட்டைதான் டம்ப்ளிங். வீட்டில் அதைச் செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் யோசிப்பது பூரணத்தைப் பற்றித்தான். முட்டைகோஸா, காளானா, பனீரா? அப்புறம் மாவு. அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் கொதிக்கிற தண்ணீரில் போடுவதா, இட்லிப் பானையில் வைப்பதா என்ற கேள்வியே வருகிறது. நான் இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். எப்படி வேகவைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்தால் எந்த மாவு என்பது தெரிந்துவிடும். மாவு தெரிந்தால் பூரணத்தில் எவ்வளவு ஈரம் தாங்கும் என்பதும் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் வரும் வான்டன் (மெல்லிய சதுர மாவு ஷீட்டில் மடிப்பது) இனிப்புக்கும் இதே வரிசைதான்.

இறைச்சி போட்ட டம்ப்ளிங்கில் இந்த வரிசை கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துவிடலாம். அரைத்த இறைச்சியில் உப்புப் போட்டு ஒரே பக்கமாகக் கிளறினால் அதிலுள்ள புரதம் பசைபோல் இறுகி, உள்ளே இருப்பதை எல்லாம் பிடித்துக்கொள்ளும். காய்கறிக்கு அந்தப் பிடிப்பு இல்லை. போதாததற்கு உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். சைவ டம்ப்ளிங் கிழிவதற்கும், உள்ளே சொதசொதவென்று ஆவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

கொதிநீரா, ஆவியா, வாணலியா

வட சீனாவில் டம்ப்ளிங் என்றால் முதலில் கொதிநீரில் வேகவைத்த, ஜியாவ்ஸ என்கிற பிறை வடிவ டம்ப்ளிங்தான். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவிலும், டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் குளிர்கால நீள்இரவு நாளிலும் குடும்பமே உட்கார்ந்து மடித்து, பெரிய பானையில் போட்டு எடுப்பார்கள். ஆறு பேருக்கு மேல் சாப்பிட வருகிறார்கள் என்றால் இதைவிட வசதியான முறை கிடையாது. ஒரே பானையில் இருபது, முப்பது என்று வெந்துகொண்டே இருக்கும்.

இதற்குப் பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவுதான் வேண்டும். 300 கிராம் மைதாவுக்கு 150 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பிசையத் தொடங்கும்போது மாவு உதிரி உதிரியாக, ஒட்டவே ஒட்டாது என்பதுபோல இருக்கும். அப்போது தண்ணீர் சேர்க்காதீர்கள். ஒரு பந்தாகத் திரட்டி, ஈரத்துணி மூடிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி பிசைந்தால் வழவழப்பாகிவிடும். அதன் பிறகு இன்னும் அரைமணி நேரம் ஊறவேண்டும். மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் நன்றாகப் பின்னிக்கொள்வதால் இந்த மாவு கொதிநீரில் முட்டி மோதினாலும் கிழியாது. கடிக்கும்போது பல்லுக்கு லேசான எதிர்ப்பும் இருக்கும். இதில் நாற்பது டம்ப்ளிங் வரும். அதை மட்டுமே சாப்பாடாக வைத்தால் ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு சரியாக இருக்கும்.

இந்த மாவில் சிரமமான இடம் திரட்டுவதுதான். தேய்த்தால் சுருங்கிக்கொண்டே வரும். சீன வீடுகளில் இதற்குக் கைப்பிடி இல்லாத ஒல்லியான சிறு குழவி வைத்திருப்பார்கள். வலது கையால் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் மட்டும் குழவியை ஓட்டி, இடது கையால் வட்டத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி விளிம்பிலிருந்து நடுவரைக்கும். நடுவைத் தொடுவதே இல்லை. இப்படிச் செய்தால் நடு தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் வரும். பூரணத்தின் பாரத்தை நடு தாங்கும். ஓரம் இரண்டாக மடியும்போது தடித்துப்போகாது. சப்பாத்திக் குழவியில் நல்ல ஒல்லியானதாகப் பார்த்து எடுத்தால் அதிலேயே இது வரும்.

வேகவைக்கும்போது தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. டம்ப்ளிங்கைப் போட்டதும் அடியில் ஒட்டாமல் ஒருமுறை கரண்டியின் பின்பக்கத்தால் தள்ளிவிட்டு, மறுபடி கொதி வந்ததும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்கள். இறைச்சி என்றால் மூன்று முறை ஊற்றும் வழக்கம். காய்கறிப் பூரணம் ஏற்கெனவே வதங்கியது என்பதால் ஒருமுறை போதும். மறுகொதியில் மேலே மிதந்து வயிறு உப்பியதும் எடுத்துவிடலாம்.

ஆவியில் வைப்பதற்கும் வாணலியில் பொரிப்பதற்கும் வேறு மாவு. 300 கிராம் மைதாவில் 180 முதல் 200 மில்லி வரை நன்றாகக் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையவேண்டும். கொதிநீர் பட்டதும் மாவிலுள்ள ஸ்டார்ச் உப்பி நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குளூட்டனின் பிடிப்பும் தளர்ந்துவிடும். அதனால் தேய்த்தால் சுருங்காது, சொன்னபடி கேட்கும். வெந்த பிறகும் மெத்தென்று இருக்கும், ஆறினாலும் ரப்பராகாது. ஆனால் இதே மாவைக் கொதிநீரில் போட்டால் மேலே கொழகொழவென்று கரைந்து, மடிப்பு விட்டுப்போகும். எந்த மாவு எதற்கு என்று தெரியாமல் செய்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஆவி முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாக முட்டைகோஸ் இலையை விரித்து, அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, எட்டு நிமிடம் வைத்தால் போதும். எண்ணெய் கூடாது என்கிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது நல்லது. சுவை மட்டும் கொஞ்சம் சாதுவாக இருக்கும். தொட்டுக்கொள்ளும் சாஸைக் காரமாகச் செய்துகொள்ளுங்கள்.

வாணலியில் பொரித்து வேகவைக்கும் குவோத்தியே முறைக்குத்தான் என் ஓட்டு, அதுவும் முதல்முறை செய்கிறவர்களுக்கு. கொதிநீரில் பிசைந்த மாவு என்பதால் திரட்டுவது எளிது. அடிப்பக்கம் மொறுமொறு, மேல்பக்கம் மெத்தென்று, ஒரே வாயில் இரண்டும் கிடைக்கும். மூடி உள்ள தட்டையான வாணலி வேண்டும். தோசைக்கல் சரிப்படாது, தண்ணீர் நிற்காது. இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு டம்ப்ளிங்குகளை நிமிர்த்தி அடுக்கி, அடி பொன்னிறமானதும் கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி உடனே மூடுங்கள். எண்ணெய் சடசடவென்று தெறிக்கும் என்பதால் மூடியை ஒரு கையில் தயாராகப் பிடித்துக்கொண்டே ஊற்றவேண்டும். ஆறேழு நிமிடத்தில் சத்தம் மாறும். தண்ணீர் வற்றி, கொதிக்கிற ஓசை போய் எண்ணெய் பொரிகிற மெல்லிய ஓசை வரும். அப்போது மூடியை எடுத்து இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். ஊற்றும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மைதா கரைத்துக்கொண்டால், ஜப்பானிய உணவகங்களில் தருவதுபோல அடியில் வலைவலையாக ஒரு மெல்லிய அப்பளம் பிடித்து, எல்லாமும் ஒன்றாகச் சேர்ந்து வரும்.

மடிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், துர்பானுக்கு அருகே உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரசமரபுக் காலத்து டம்ப்ளிங்குகள், பாலைவன வறட்சியில் காய்ந்து, உருக்குலையாமல் கிடைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அவையும் இன்று செய்கிற அதே பிறை வடிவம்தான். பாதியாக மடித்து, காற்றை வெளியே தள்ளி, ஓரத்தை அழுத்தினால் போதும். வாணலி முறைக்கு மட்டும் ஒரு பக்கம் நாலு கொசுவம் வைத்தால் அடி தட்டையாகி நிமிர்ந்து உட்காரும்.

கடை ஷீட் வாங்கலாமா

தாராளமாக வாங்கலாம். வேலைநாள் மாலையில் செய்வதென்றால் நானும் கடையில் தேய்த்து விற்கிற மாவு ஷீட்டைத்தான் எடுப்பேன். சிங்கப்பூர், மலேசியாவில் ஈரச்சந்தை நூடுல்ஸ் கடைகளிலும் பேரங்காடியின் குளிர்ப்பெட்டியிலும் இரண்டு வகை இருக்கும். வட்டமாக, வெள்ளையாக இருப்பது டம்ப்ளிங்குக்கு. சதுரமாக, மெல்லியதாக, பெரும்பாலும் மஞ்சளாக இருப்பது வான்டனுக்கு. சைவக்காரர்கள் கவனிக்கவேண்டியது, வான்டன் ஷீட்டில் முட்டை சேர்ப்பது வழக்கம். ஆனால் மஞ்சளாக இருந்தால் முட்டை, வெள்ளையாக இருந்தால் இல்லை என்று நிறத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. காரநீர் (சோடா உப்புப் போன்ற காரம் கரைத்த நீர்) சேர்த்தாலே மாவு மஞ்சளாகும்; சாயம் போடுவதும் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சந்தையில் பொட்டலமாகக் கட்டித் தருவது என்றால் கேட்டே வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் வான்டன் ஷீட் கிடைக்காத ஊர்களில் சமோசா ஷீட்டை வைத்துச் செய்யலாமா என்ற எண்ணம் வரும். அது கல்லில் பாதி வெந்தது. தண்ணீர் தொட்டால் ஒட்டாது, மைதாப் பசைதான் வேண்டும். கொதிநீருக்கும் ஆவிக்கும் ஆகாது. பொரிக்கிற இனிப்புக்கு மட்டும் அது பொருந்தும். டம்ப்ளிங்குக்கு அந்த ஊர்களில் மாவு பிசைந்துவிடுவதே மேல்.

கடை ஷீட் காய்ந்த மாவு தூவி வருவதால் தானாக ஒட்டாது. விரலைத் தண்ணீரில் நனைத்து ஓரம் முழுக்கத் தடவவேண்டும். வெளியே எடுத்த ஷீட்டுகள்மேல் ஈரத்துணி கிடக்கட்டும். காற்றுப் பட்டால் ஓரம் விறைத்து மடிக்கும்போது வெடிக்கும்.

பூரணம்

உருளைக்கிழங்கு, பனீர், கலவைக் காய்கறி என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம்தான். உருளைக்கிழங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உறையவைத்தாலும் கெடாது. ஆனால் மாவுக்குள் மாவு என்று ஆகிவிடுகிறது, நாலு சாப்பிட்டதும் திகட்டும். பனீர் நன்றாக இருக்கும், ஆனால் சோயா சாஸோடும் வினிகரோடும் அதன் பால்சுவை சண்டை போடுகிறது. வட சீனாவில் மிகப் பிரபலமான சைவப் பூரணம் சீன வெங்காயத்தாளும் பொரித்து உதிர்த்த முட்டையும் சேர்ந்தது. அங்கே இறைச்சி இல்லாத பூரணம் என்றால் முட்டை இருக்கும் என்பது சகஜம். உணவகத்தில் சைவ டம்ப்ளிங் என்று கேட்டு வாங்குகிற நம் ஆட்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இது அருமையான பூரணம், அதிலும் கொதிநீர் முறைக்கு.

முட்டை வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது முட்டைகோஸ், கெட்டி டோஃபு, உலர்ந்த ஷிடாகே காளான், கண்ணாடி நூடுல்ஸ் நாலும் சேர்ந்த பூரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டோஃபு உடம்பு. காளான் சுவை. முட்டைகோஸ் இனிப்பும், நறுக்கென்ற கடியும். பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ், வேகும்போது கசிகிற சாற்றை எல்லாம் குடித்துவிடும். சைவப் பூரணத்தின் தண்ணீர்ப் பிரச்சினைக்குச் சீனச் சமையல் கண்ட வழி அது.

நாற்பது டம்ப்ளிங்குக்கு அரைக்கிலோ முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசிறி இருபது நிமிடம் வையுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியில் கட்டி, முறுக்கிப் பிழியுங்கள். முதல் பிழிவில் சரசரவென்று வடியும். துணியைப் பிரித்து, உள்ளே இருப்பதை உதிர்த்துவிட்டு மறுபடி கட்டி முறுக்கினால் இன்னும் அரைக் கிண்ணம் வரும். இரண்டாவது பிழிவை விட்டுவிடாதீர்கள். குவியலாக இருந்த முட்டைகோஸ் பாதிக்கும் கீழாகச் சுருங்கி, கையில் எடுத்தால் ஈரமான நார்போல் இருக்கவேண்டும்.

200 கிராம் டோஃபுவை உதிர்த்து, காய்ந்த வாணலியில் எண்ணெய் கொஞ்சமாக விட்டு, ஈரம் போய் ஓரம் சிவக்கும்வரை வறுங்கள். ஏழெட்டுக் காளானை வெந்நீரில் அரைமணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து, காம்பை நீக்கிப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். ஊறிய தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி விட்டு வற்றவிட்டால் மொத்தச் சுவையும் டோஃபுவில் ஏறும். 50 கிராம் நூடுல்ஸை ஊறவைத்து விரற்கடை நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். இஞ்சித் துருவல், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள். கடைசியாகப் பிழிந்த முட்டைகோஸ். அடுப்பை அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெய்.

இந்த எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. கரும்பழுப்பாக, வாசனை தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெயும் எள்தான், ஆனால் அது வறுக்காத எள்ளில் ஆட்டுவதால் அந்த வாசனை அதில் வராது. வறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி நல்லெண்ணெயோடு சேர்த்துப் போடுங்கள், நன்றாகவே இருக்கும். சிப்பி சாஸ் சைவமல்ல. அதற்குப் பதிலாகக் காளானில் செய்த சாஸ் தனியாகக் கிடைக்கிறது.

வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகளுக்கு இந்தப் பூரணம் அப்படியே பொருந்தும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிற சீன பௌத்தர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மரபிலும் வெங்காயம், பூண்டு வகைகள் விலக்கு. ஆனால் பூண்டுக்குப் பதில் ஒரு சிட்டிகை பெருங்காயம் என்று நம் கை போகும் இல்லையா, அந்த மரபில் விலக்கிய ஐந்தில் பெருங்காயமும் ஒன்று. சீன பௌத்த நண்பர்களைச் சாப்பிட அழைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இஞ்சியும் வெள்ளை மிளகும் போதும்.

பூரணம் முழுக்க ஆறவேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவி உள்ளேயே நீராகி மாவை நைந்துபோகச் செய்யும். ஆறியதும் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் கொதிநீர் உட்பட எந்த முறைக்கும் சரி. விரலிடுக்கில் லேசாகக் கசிந்தால் வாணலிக்கோ ஆவிக்கோ பரவாயில்லை. சொட்டினால் இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ் சேர்க்காமல் தொடராதீர்கள்.

முன்கூட்டியே செய்து வைப்பதானால், மடித்தவற்றை மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, கல்லானதும் பைக்கு மாற்றுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் உறைந்தபடியே போடவேண்டும். உருகினால் அடி ஈரமாகித் தட்டோடு ஒட்டிக் கிழியும்.

தொட்டுக்கொள்ள ஜென்ஜியாங் கறுப்பு வினிகர் இரண்டு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, நூலாக அரிந்த இஞ்சி, மிளகாய் எண்ணெய் சில சொட்டு. வெள்ளை வினிகரை அப்படியே மாற்றிப் போடாதீர்கள், தூக்கி அடிக்கும். பாதி அளவோடு ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் சமாளிக்கலாம்.

வான்டன் இனிப்பு

இனிப்புக்கு மாவு பிசையவேண்டாம். வான்டன் ஷீட்டின் மெல்லிசுதான் இங்கே பலம். பொரிப்பதா, அடுமனை அடுப்பில் (ஓவனில்) வைப்பதா என்பது முதல் கேள்வி. 190 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம், இரண்டு பக்கமும் நெய் தடவி வைத்தாலும் மொறுமொறுப்பாக வரும். ஆனால் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இடங்கள் வேகாமல் பல்லில் சிக்கும். அதனால் அடுமனைக்கு முக்கோணமாக ஒரே மடிப்போடு நிறுத்திக்கொள்ளவேண்டும். பொரித்தால் எந்த வடிவமும் ஒன்றரை நிமிடத்தில் பூப்போல உப்பி வரும். வீட்டில் எண்ணெய் ஒத்துக்கொள்ளும் என்றால் பொரியுங்கள்.

பொரிப்பதென்று ஆனதும் ஈரம் பற்றிய கேள்வி மறுபடி வருகிறது. வாழைப்பழம் எல்லோருக்கும் பிடிக்கும். செங்காய்ப் பதத்தைத் தாண்டி, ஆனால் குழையாத பழமாக எடுத்து ஒரு துண்டு, அதன்மேல் ஒரு சிட்டிகை வெல்லம், மடித்து உடனே எண்ணெயில். உடனே என்பது முக்கியம். வெல்லம் பழத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். பத்து நிமிடம் மடித்து வைத்தால் ஷீட் ஓட்டை விழுந்து எண்ணெயில் வெடிக்கும். விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுப்படியில் மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சீன இனிப்புகளில் வரும் சிவப்புப் பயற்று விழுது கெட்டியாக இருப்பதால் கசியாது. கடையில் வாங்கும்போது மட்டும் பார்த்து வாங்குங்கள்; பாரம்பரியச் செய்முறைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. வீட்டில் சிவப்புக் காராமணியை வேகவைத்து மசித்து வெல்லத்தோடு சுருளக் கிளறினால் அதற்கு வெகு அருகில் வரும். சாக்லேட் வைக்கலாம், குழந்தைகள் சாப்பிடுவார்கள், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் தேர்வு வேர்க்கடலையும் எள்ளும். குவாங்டோங் பகுதியில் சீனப் புத்தாண்டுக்கு இதைப் பிறை வடிவில் மடித்துப் பொரிப்பார்கள். மலேசியாவில் கொக் சாய் என்று புட்டிகளில் விற்கிறார்கள். நம் சோமாசியை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறிதாக்கினால் அதேதான். 100 கிராம் வறுத்த வேர்க்கடலை, இரண்டு மேசைக்கரண்டி வறுத்த எள், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, துளி உப்பு. மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கடலை எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். ஷீட்டுக்கு ஒரு தேக்கரண்டி. ஈரமே இல்லை என்பதால் கசியாது, வெடிக்காது, மாலையிலேயே மடித்து மூடி வைத்துவிட்டு டம்ப்ளிங் வேலையைப் பார்க்கலாம். பொரித்தது மீந்தாலும் டப்பாவில் மறுநாள் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

எண்ணெய் 170 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். வெப்பமானி இல்லாவிட்டால் ஷீட்டின் ஒரு கீற்றைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் இரண்டு நொடியில் குமிழிகளோடு மேலே வந்தால் பதம், போட்டதுமே மேலே நின்று சிவந்தால் சூடு அதிகம். இளம்பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் நிறம் ஏறும். மேலே பொடித்த சர்க்கரை தூவுவதானால் இரண்டு நிமிடம் ஆறவிட்டுத் தூவுங்கள். சூட்டோடு தூவினால் கரைந்து பிசுபிசுப்பாகிவிடும்.